கடைசி பெஞ்சில் ஒரு பருவம்

(கல்வியியல் ஆய்வுத் துறை ஒன்றில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் திருத்திய எழுத்து வடிவம்)



தலைப்பு கேட்டுத் தொலைபேசியில் அழைத்த பேராசிரியரிடம் ‘கோர்ஸ் ஒர்க்’, அதாவது பிஎச்.டி. பாடப்பணி, என்றேன். சற்று நேரம் பதில் இல்லை. “அது விதிமுறை சமாசாரமாச்சே சார், காந்தியடிகளின் ஆதாரக் கல்வி, தாகூரின் கல்விச் சிந்தனை, அந்த மாதிரி ஏதாவது...” என்று இழுத்தார். அவருடைய தயக்கம் நியாயமானது. அறக்கட்டளைச் சொற்பொழிவில் ஒரு பெரியவரைப் பற்றிப் பேசுவதே வழக்கம். பாடப்பணி, கிரெடிட், மதிப்பெண் எல்லாம் பிரிவு எழுத்தரின் மேசையில் முடிந்துபோகிற காரியங்கள் என்று நாமும் பழகிவிட்டோம். ஆனால் யார் நினைவாக இந்த அறக்கட்டளை அமைந்ததோ அவர் வாழ்நாள் முழுக்கப் பள்ளி ஆசிரியராக இருந்தவர் என்று அழைப்பிதழில் படித்தேன். பள்ளியை ஆராய்ந்து ‘முனைவர்’ ஆகிறவர்களை நாம் எப்படித் தயார் செய்கிறோம் என்று கேட்க அவர் பெயரைவிட நல்ல சாக்கு எனக்குக் கிடைக்காது.

நான் சொல்ல வந்தது ஒன்றுதான். நாம் நடத்தும் பாடப்பணி ஆய்வுக் கருவிகளைக் கையாளக் கற்றுத் தருகிறது; வகுப்பறையைப் பார்க்கக் கற்றுத் தருவதில்லை. அதனால் நம் ஆய்வேடுகளில் பள்ளிகளின் பட்டியல் இருக்கிறது, வகுப்பறை இல்லை. பாடப்பணியில் மூன்றில் ஒரு பங்கையாவது ஆய்வாளர் ஒரே பள்ளியின் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து கழிக்க வேண்டும் என்பது என் கருத்து.

1. பாடப்பணி வந்த வழி

இந்தியாவில் கல்வியியலுக்கான முதல் முனைவர் பட்டத்தைப் பம்பாய்ப் பல்கலைக்கழகம் 1943இல் வழங்கியது. அப்போதும் அதற்குப் பின் வெகுகாலமும் நாம் பின்பற்றியது இங்கிலாந்து வழி. ஒரு நெறியாளர், ஒரு மாணவர், நடுவில் சில வருடங்கள், கடைசியில் ஓர் ஆய்வேடு. வகுப்பு கிடையாது, தேர்வு கிடையாது. அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் வேறு வழியில் போயின. அங்கே முனைவர் பட்டத்துக்கு வருகிறவர் முதலில் இரண்டு மூன்று வருடம் வகுப்பில் உட்கார்ந்து படித்து, ஒரு தகுதித் தேர்வையும் தாண்டிய பிறகே ஆய்வேட்டுக்குக் கைவைப்பார்.

நான் பதிவு செய்தது 1986இல். கட்டணத்தைக் கட்டிய ரசீதைக் காட்டியபோது என் நெறியாளர் அலமாரியைத் திறந்து இரண்டு புத்தகங்களைக் கொடுத்தார். ஒன்று ஜான் பெஸ்ட் எழுதிய ஆய்வு முறையியல் நூல். மற்றது ஹென்றி காரெட்டின் புள்ளியியல் நூல். “பெஸ்ட்டையும் காரெட்டையும் முடிச்சிட்டு வாய்யா” என்றார். எனக்கு நடந்த பாடப்பணி அந்த ஒரு வாக்கியம்தான். இந்த அரங்கில் அறுபதைத் தாண்டியவர்கள் சிரிக்கிறீர்கள். உங்களுக்கும் அதே இரண்டு புத்தகம்தான் என்று தெரிகிறது.

அதற்கு முன்பே எம்.ஃபில். வந்துவிட்டிருந்தது. நம் ஊரில் உண்மையான பாடப்பணியின் சுமையைத் தாங்கியது அதுதான். சில தாள்கள், ஒரு சிறிய ஆய்வேடு, ஒரு வாய்மொழித் தேர்வு. சின்ன ஆய்வில் தடுக்கி விழுந்து எழுந்தவர் பெரிய ஆய்வுக்கு வருவார். பிஎச்.டி.க்கே பாடப்பணி கட்டாயம் என்று பல்கலைக்கழக மானியக் குழு சொன்னது 2009ஆம் ஆண்டு ஒழுங்குமுறையில். 2016இல் அதைத் திருத்தி, 8 முதல் 16 கிரெடிட் வரை என்றார்கள். 2022 நவம்பரில் வந்த ஒழுங்குமுறை குறைந்தது 12 கிரெடிட் என்றது. பாடப்பணியில் 55 விழுக்காடு எடுக்க வேண்டும். ஆய்வுக்காலம் குறைந்தது மூன்று ஆண்டு, பொதுவாக ஆறு ஆண்டுக்குள் முடிக்க வேண்டும். அதே ஒழுங்குமுறை எம்.ஃபில்.லுக்கு முடிவுரையும் எழுதியது.

எம்.ஃபில். போனதற்காக நான் அழப்போவதில்லை. ஆனால் ஒரு முழு ஆண்டும் ஒரு சிறு ஆய்வேடும் தாங்கிக்கொண்டிருந்த பாரம் இப்போது 12 கிரெடிட்டின் தலையில் இறங்கியிருக்கிறது என்பதை நாம் கவனிக்கவில்லை. ஒரு கிரெடிட்டுக்கு 15 மணி நேரம் என்று கணக்கு வைத்தால் மொத்தம் 180 மணி நேரம். ஒரு பி.எட். மாணவர் கற்பித்தல் பயிற்சிக்காகப் பள்ளியில் இருக்கும் நேரம் இதைவிட அதிகம்.

2. அந்த 180 மணி நேரத்தில் என்ன நடக்கிறது

ஆய்வு முறையியல் ஒரு தாள். புள்ளியியலும் கணினிப் பயன்பாடும் ஒரு தாள். ஆய்வாளரின் தலைப்பையொட்டி நெறியாளரே வகுத்துக்கொள்ளும் ஒரு தாள். பிறகு ஆய்வு மற்றும் வெளியீட்டு அறநெறி. இடத்துக்கு இடம் பெயர் மாறும், சரக்கு இதுதான். பகுதி நேர ஆய்வாளர்கள் சனிக்கிழமை வந்து போவார்கள். கேள்விகள் பழைய தாள்களிலிருந்து வரும். 55 எடுத்துவிடுவார்கள்.

அறநெறித் தாளைப் பற்றிக் கொஞ்சம் நின்று பேச வேண்டும். 2019 இறுதியில் மானியக் குழு இதைக் கட்டாயமாக்கியது. இரண்டு கிரெடிட், 30 மணி நேரம், ஆறு அலகுகள். தத்துவமும் அறமும், அறிவியல் நடத்தை, வெளியீட்டு அறம், திறந்த அணுக்க வெளியீடு, வெளியீட்டு முறைகேடு, தரவுத்தளங்களும் ஆய்வு அளவீடுகளும். எல்லாத் துறைக்கும் பொதுவாக வகுத்தது. வேதியியல்காரருக்கும் இதுவே, நமக்கும் இதுவே. ஆனால் சோதனைக்குழாயிடம் யாரும் அனுமதி கேட்பதில்லை. நம் ஆய்வாளர் போய் நிற்பது எட்டு வயதுக் குழந்தையின் முன்னால். அந்தக் குழந்தையிடம் எந்தச் சொற்களில் சம்மதம் கேட்பது? தலைமையாசிரியர் ‘சரி’ என்றால் பிள்ளையும் ‘சரி’ என்றதாக ஆகிவிடுமா? அப்பா குடிக்கிறார் என்று ஒரு பிள்ளை எழுதிக் கொடுத்தால் அந்தத் தாளை யாரிடம் காட்டலாம், யாரிடம் காட்டக் கூடாது? ஆறு அலகில் ஒன்றும் இதற்கு இல்லை. கல்வியியல் துறைகள் இதற்கென்று இரண்டு வகுப்பு கூடுதலாக எடுத்தால் மானியக் குழு கோபித்துக்கொள்ளாது.

இன்னொன்று. துறை எதுவானாலும் ஆய்வாளர்கள் தங்கள் பாடத்தைக் கற்பிக்கும் முறையிலும் எழுத்திலும் பயிற்சி பெற வேண்டும் என்றும், வாரத்துக்கு 4 முதல் 6 மணி நேரம் கற்பித்தல் அல்லது ஆய்வு உதவிப் பணி தரலாம் என்றும் 2022 ஒழுங்குமுறை சொல்கிறது. இயற்பியலிலும் வரலாற்றிலும் ஆராய்கிறவர்களுக்குக் கற்பித்தல் முறையை யார் சொல்லித் தருவது? இதே வளாகத்தில் இருக்கும் நாம்தானே? எனக்குத் தெரிந்த வரையில் நம்மை யாரும் அழைக்கவில்லை. நாமும் போய்க் கதவைத் தட்டவில்லை. சமையல்காரரை வீட்டில் வைத்துக்கொண்டு ஹோட்டலிலிருந்து சாப்பாடு வரவழைக்கும் கதைதான்.

3. கேள்விக்கு முன்னால் வினாநிரல்

ஒரு வாய்மொழித் தேர்வு. புறத்தேர்வாளராகப் போயிருந்தேன். மேல்நிலைப் பள்ளி மாணவர்களின் மனவெழுச்சி நுண்ணறிவுக்கும் கல்வி அடைவுக்கும் உள்ள தொடர்பு என்பது தலைப்பு. இரண்டு மாவட்டங்கள், 600 மாணவர்கள். அட்டவணைகள் அழகாக இருந்தன. ஆண்–பெண் வேறுபாடு, நகரம்–கிராமம் வேறுபாடு, அரசு–உதவிபெறும்–தனியார் பள்ளி வேறுபாடு, பெற்றோர் படிப்பு, பெற்றோர் வருமானம். டி-டெஸ்ட், அனோவா, ஒட்டுறவுக் கெழு, எதற்கும் குறைவில்லை. எல்லாரும் கேட்டு முடித்த பிறகு நான் ஒரு கேள்வி கேட்டேன். “அம்மா, இந்த 600 பேரில் ஒரு பிள்ளையின் முகமாவது நினைவிருக்கிறதா?”

அந்தப் பெண் என்னைப் பார்த்தார். பிறகு தன் நெறியாளரைப் பார்த்தார். “வினாநிரலை எச்.எம். ரூமில் கொடுத்துட்டு வந்தேன் சார். ரெண்டு வாரம் கழிச்சுக் கட்டுக் கட்டித் தந்தாங்க” என்றார்.

அவர் பொய் சொல்லவில்லை. பாடப்பணியில் அவருக்கு யாரும் வேறு மாதிரி சொல்லிக் கொடுத்ததும் இல்லை. பட்டத்துக்குப் பரிந்துரைத்து நான் கையெழுத்துப் போட்டேன். அட்டவணைகளில் பிழை இல்லையே.

அவரைக் குறை சொல்ல எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். 1987இல் என் ஆய்வுக்காக 420 மாணவர்களிடம் ஒரு மனப்பான்மை அளவையைக் கொடுத்தேன். ஐந்து தெரிவுகள்: ‘மிகவும் உடன்படுகிறேன்’ என்பதிலிருந்து ‘சற்றும் உடன்படவில்லை’ வரை. ரென்சிஸ் லைக்கர்ட் 1932இல் கொண்டுவந்த முறை. ஒரு பள்ளியில் மதியச் சாப்பாட்டு மணி அடிக்கப் போகிறது, பிள்ளைகள் பாதிதான் முடித்திருக்கிறார்கள். வகுப்பாசிரியர் உதவுவதாக நினைத்துக்கொண்டு, “மீதி எல்லாத்துக்கும் ரெண்டாவதைப் போடுங்கடா” என்றார். நான் வராந்தாவில் நின்று அதைக் கேட்டேன். உள்ளே போய்த் தடுக்கவில்லை. அந்த 38 தாள்களையும் வாங்கிப் பையில் போட்டுக்கொண்டேன், கணக்கிலும் சேர்த்தேன். 0.05 மட்டத்தில் ‘குறிப்பிடத்தக்க வேறுபாடு’ வந்தது. அந்த ஆய்வேட்டுக்குத்தான் எனக்குப் பட்டம் கிடைத்தது. ஓய்வு பெற்ற பிறகு சொல்கிற துணிச்சலைப் பெரிதாகப் பாராட்ட வேண்டாம்.

ஏன் இப்படி ஆகிறது? சோம்பல் ஒரு காரணம் என்று சொல்ல மாட்டேன். நம் ஆய்வாளர்கள் கடுமையாக உழைக்கிறார்கள். காரியங்கள் நடக்கும் வரிசைதான் கோளாறு. பதிவு செய்யும்போதே தலைப்புக் கேட்கிறோம். தலைப்பு என்றால் அதில் இரண்டு மாறிகள் இருக்க வேண்டும் என்று எதிர்பார்க்கிறோம். மாறிக்கு அளவை வேண்டும். அளவையை நாமே செய்தால் காலம் பிடிக்கும், ஆக்ராவில் அச்சிட்டு விற்பது தயாராக இருக்கிறது, தமிழாக்கினால் போதும். அளவை கைக்கு வந்த பிறகு மாதிரி, மாதிரிக்குப் பிறகு முதன்மைக் கல்வி அலுவலரின் அனுமதிக் கடிதம், அதன் பிறகே பள்ளி. ஆய்வாளர் பள்ளிக்குள் நுழையும்போது கேட்க வேண்டியதெல்லாம் முன்பே அச்சாகிவிட்டது. அங்கே அவர் கண்ணில் படும் எதுவும் அந்தத் தாளில் ஏறாது. பாடப்பணியும் இதே வரிசையில்தான் கற்றுக்கொடுக்கிறது: கருதுகோள், மாதிரி, கருவி, பகுப்பாய்வு. ‘கேள்வி எங்கிருந்து கிடைக்கும்?’ என்ற பாடம் எந்த அலகிலும் இல்லை.

அளவியல் ஆய்வே வேண்டாம் என்று நான் பேசுவதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். எண்ணிப் பார்க்க வேண்டியவற்றை எண்ணித்தான் ஆக வேண்டும். எதை எண்ணுவது என்பதை ஆக்ரா தீர்மானிக்கக் கூடாது என்கிறேன்.

4. உட்கார்ந்து பார்த்தவர்கள்

அமெரிக்கரான பிலிப் ஜாக்சன் உளவியல் படித்தவர், அளவைகளோடு வளர்ந்தவர். அவர் தொடக்கப் பள்ளி வகுப்பறைகளில் போய் உட்கார்ந்தார். அதிலிருந்து 1968இல் வந்த புத்தகம் வகுப்பறை வாழ்க்கையைப் பற்றியது. அவர் அங்கே கண்ட விஷயங்களில் ஒன்று மிகச் சாதாரணமானது: பிள்ளைகள் காத்திருக்கிறார்கள். நோட்டைத் திருத்தி வாங்க வரிசையில் நிற்கிறார்கள், கையைத் தூக்கியபடி காத்திருக்கிறார்கள், தன் முறை வரும்வரை சும்மா இருக்கிறார்கள். பள்ளிக்கூடம் பிள்ளைக்குக் கற்றுத்தரும் முதல் பாடம் காத்திருப்பதுதானோ என்று அவரால் கேட்க முடிந்தது. எந்த ஆயத்த அளவையிலும் இந்தக் கேள்வி கிடைக்காது. நம் ஊர் இரண்டாம் வகுப்பில் நோட்டுத் திருத்த ஒரு பிள்ளை சராசரியாக எத்தனை நிமிடம் நிற்கிறது? எனக்குத் தெரிந்தால் நன்றாக இருக்கும். கைக்கடிகாரமும் ஒரு பருவமும் இருந்தால் யாரும் கண்டுபிடிக்கலாம்.

வெளிநாட்டுக்குப் போவானேன்? மீனாட்சி தாப்பன் ஆந்திரத்தில் மதனப்பள்ளிக்கு அருகே உள்ள ரிஷி வேலிப் பள்ளியில் தங்கியிருந்து ஆராய்ந்து எழுதிய நூல் 1991இல் வந்தது. பத்மா சாரங்கபாணி டில்லிக்கு அருகே ஒரு கிராமத்து ஆரம்பப் பள்ளியை உட்கார்ந்து பார்த்து எழுதிய நூல் 2003இல் வந்தது. நாம் ‘மனப்பாடம்’ என்று கேலி செய்து தள்ளுகிற ஒன்று, அந்தப் பிள்ளைகளுக்கும் ஆசிரியருக்கும் என்னவாக இருக்கிறது என்று அவர் பொறுமையாகக் கேட்கிறார். முன்முடிவோடு போயிருந்தால் ‘மனப்பாடம் தீது’ என்று ஒரு வரியில் முடித்திருக்கலாம்.

ரிஷி வேலி என்றதும் நமக்கு வேறொன்று நினைவுக்கு வர வேண்டும். அதன் கிராமப்புறப் பள்ளிகளில் உருவான அட்டை முறைதான் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் 2003இல் செயல்வழிக் கற்றலாக நுழைந்து, 2007 வாக்கில் மாநிலத்தின் அரசுத் தொடக்கப் பள்ளிகள் எல்லாவற்றுக்கும் பரவியது. பெஞ்சு போய்ப் பாய் வந்தது. பிள்ளையின் கைக்கு எட்டும் உயரத்தில் சுவரில் கரும்பலகை வந்தது. ஆசிரியர் தரையில் உட்கார்ந்தார். கற்றல் ஏணியில் தான் எந்தப் படியில் நிற்கிறோம் என்று பிள்ளையே பார்த்து அடுத்த அட்டையை எடுத்தது. இவ்வளவு பெரிய மாற்றம் ஒரு மாநிலத்தின் வகுப்பறைகளில் நடக்கும்போது அருகே உட்கார்ந்து பார்க்கும் வாய்ப்பு ஓர் ஆய்வாளரின் வாழ்க்கையில் ஒருமுறைதான் வரும்.

அந்த ஆண்டுகளில் என் மேசைக்கு மதிப்பீட்டுக்கு வந்த ஆய்வேடுகளில் செயல்வழிக் கற்றலைப் பற்றியவை இருந்தன. ‘செயல்வழிக் கற்றல் குறித்து ஆசிரியர்களின் மனப்பான்மை’. ஆண் ஆசிரியர், பெண் ஆசிரியர். பத்தாண்டுக்கு மேல் அனுபவம், பத்தாண்டுக்குக் கீழ். ஓர் அட்டையை முடித்து அடுத்த அட்டையை எடுக்கும் இடைவெளியில் மூன்றாம் வகுப்புப் பிள்ளை என்ன செய்தது என்று அவற்றில் ஒன்றுகூட எனக்குச் சொல்லவில்லை. பாய்கள் மடித்து வைக்கப்பட்டாயிற்று. 2022இல் ‘எண்ணும் எழுத்தும்’ திட்டம் வந்தது. அதற்கும் முந்திய ஆண்டு, பெருந்தொற்று முடக்கத்துக்குப் பின் ‘இல்லம் தேடிக் கல்வி’ தெருவுக்குத் தெரு திண்ணையில் நடந்தது. தன்னார்வலராக வந்த ஒரு கல்லூரிப் பெண் மாலை ஐந்து மணிக்குத் திண்ணையில் பத்துப் பிள்ளைகளை வைத்துக்கொண்டு என்ன செய்தாள் என்ற விவரத்தையும் நாம் தவறவிட்டுக்கொண்டிருக்கிறோம்.

5. கையில் வகுப்பறை உள்ளவரை வெளியே அனுப்புகிறோம்

இது எனக்கு மிகவும் விசித்திரமாகப் படும் விஷயம். கல்வியியலில் முனைவர் பட்டத்துக்கு வருகிறவர்களில் பெரும்பாலோர் ஏற்கெனவே ஆசிரியர்கள். அரசுப் பள்ளிப் பட்டதாரி ஆசிரியர், வட்டார வளமைய ஆசிரியர் பயிற்றுநர், பி.எட். கல்லூரி விரிவுரையாளர். தடையின்மைச் சான்று வாங்கிக்கொண்டு பகுதி நேரமாகச் சேர்கிறார்கள். வருடத்துக்கு 200 நாளுக்கும் மேல் வகுப்பறையில் நிற்கிறவர்கள். கணக்கில் கழித்தல் ‘கடன் வாங்கும்’ இடத்தில் எந்தப் பிள்ளை எப்படிச் சறுக்கும் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார்கள். இவர்கள் கையில் நூறு கேள்வி இருக்கிறது.

நாம் என்ன சொல்கிறோம்? ‘உங்கள் வகுப்பையே நீங்கள் ஆராய்ந்தால் சார்பு வந்துவிடும், பக்கத்து மாவட்டத்தில் 500 மாதிரி எடுங்கள்’ என்கிறோம். அவரும் விடுப்புப் போட்டுவிட்டு, தெரிந்த பிள்ளைகளை விட்டுவிட்டு, தெரியாத பிள்ளைகளுக்கு வினாநிரல் கொடுக்கப் போகிறார்.

தன் வகுப்பைத் தானே ஆராயும் ஆசிரியர் என்ற கருத்தை இங்கிலாந்தில் லாரன்ஸ் ஸ்டென்ஹவுஸ் 1975லேயே தம் பாடத்திட்ட ஆய்வு நூலில் வலுவாக முன்வைத்தார். அமெரிக்காவில் பணியில் இருக்கும் கல்வியாளர்களுக்கென்றே ‘எட்.டி.’ என்று தனி முனைவர் பட்டம் உண்டு. 1920இல் ஹார்வர்டு கல்விப் பள்ளி தொடங்கியபோதே அந்தப் பட்டத்தோடுதான் தொடங்கியது. பின்னாளில் அதற்கும் பிஎச்.டி.க்கும் வேறுபாடு தெரியாமல் கலங்கிப்போனது அவர்களுக்கே வருத்தம். 2007இல் கார்னகி திட்டம் என்று ஒன்றைத் தொடங்கிப் பல பல்கலைக்கழகங்கள் அதைத் திருத்தி அமைக்க முனைந்தன. தன் பணியிடத்தில் எதிர்கொள்ளும் ஒரு சிக்கலையே ஆய்வுப் பொருளாக எடுத்துக்கொள்வது அந்தத் திருத்தத்தின் மையம்.

நமக்குத் தனிப் பட்டம் தேவையில்லை. இருக்கிற விதிக்குள்ளேயே இடம் இருக்கிறது. பி.எட்.டிலும் மாவட்ட ஆசிரியர் கல்வி பயிற்சி நிறுவனங்களிலும் ‘செயலாய்வு’ என்று செய்கிறோமே, அதை முனைவர் பட்ட அளவுக்கு ஆழமாகச் செய்யலாம் என்று ஒப்புக்கொண்டால் போதும். சார்பு வரும் என்றால் அதை மறைக்காமல் எழுதக் கற்றுக்கொடுப்பது பாடப்பணியின் வேலை. பக்கத்து மாவட்டத்துக்குப் போனால் சார்பு போய்விடும் என்று காரெட் எங்கும் சொல்லவில்லை.

6. ‘புரிஞ்சுதாஆ?’

மொழியைப் பற்றிச் சுருக்கமாக. வகுப்பறை தமிழில் நடக்கிறது. ஆய்வேடு ஆங்கிலத்தில் எழுதப்படுகிறது. ஒலிப்பதிவைக் கேட்டு எழுதும்போதே ஆய்வாளர் ஆங்கிலமாக்கிவிடுகிறார். ஆசிரியர் பாடம் முடித்து “புரிஞ்சுதாஆ?” என்று நீட்டிக் கேட்பார். வகுப்பு மொத்தமும் “புரிஞ்சுது சாஆர்” என்று அதே ராகத்தில் நீட்டிப் பதில் சொல்லும். இது கேள்வியும் இல்லை, பதிலும் இல்லை. பாடம் முடிந்தது என்பதற்கு இரு தரப்பும் அடிக்கும் மணி. ஆங்கில ஆய்வேட்டில் இது ‘ஆசிரியர் புரிதலைச் சோதித்தார், மாணவர்கள் ஆம் என்றனர்’ என்று அட்டவணையில் ஏறிவிடும். ஆய்வேடு எந்த மொழியில் இருந்தாலும் களக்குறிப்பும் பகுப்பாய்வும் பேச்சு நடந்த மொழியிலேயே நடக்க வேண்டும் என்பதைப் பாடப்பணியிலேயே பழக்க வேண்டும். தமிழிலேயே ஆய்வேடு எழுதினால் இன்னும் நல்லது. அதை மதிப்பிட ஆள் இல்லை என்ற சாக்கு இனி செல்லாது; இந்த அரங்கில் இருக்கிறீர்கள்.

7. சதவீதக் கவலை

ஆய்வு மாணவர்கள் என்னிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி, “எத்தனை பர்சென்ட் வரை விடுவாங்க சார்?” கருத்துத் திருட்டைத் தடுக்க வந்த 2018ஆம் ஆண்டு ஒழுங்குமுறைப்படி 10 விழுக்காடு ஒப்புமை வரை தண்டனை இல்லை, 40 வரை போனால் திருத்தித் தர வேண்டும், 60 வரை என்றால் ஓராண்டு தடை, அதற்கும் மேல் என்றால் பதிவே ரத்து. இதெல்லாம் வேண்டியதுதான். ஆனால் சொற்களை மாற்றிப்போட்டு மென்பொருளை ஏமாற்றுவதில் நம் பிள்ளைகள் செலவழிக்கும் உழைப்பைப் பார்க்கும்போது மனம் கனக்கிறது. கேள்வியையே இரவல் வாங்கியிருந்தால் அதைக் கண்டுபிடிக்க எந்த மென்பொருளும் இல்லை.

வெளியீட்டுக் கதையும் இதுவே. ஆய்வேட்டுக்கு முன் ஒரு கட்டுரை கட்டாயம் என்று 2009 ஒழுங்குமுறை சொல்லப்போய், பணம் வாங்கிக்கொண்டு பத்து நாளில் அச்சிடும் ஆய்விதழ்கள் முளைத்தன. அவற்றை வடிகட்ட மானியக் குழுவின் ‘கேர்’ பட்டியல் வந்தது. 2022இல் கட்டாயம் நீங்கியது, 2025இல் பட்டியலும் போனது. பல்கலைக்கழகங்கள் தாமாக அதைத் தொடர்வதானால் தொடரட்டும். நான் இதில் நேரம் செலவிட விரும்பவில்லை.

8. என் யோசனை

12 கிரெடிட்டை இப்படிப் பிரிக்கலாம். அறநெறிக்கு விதிப்படி 2. அதில் குழந்தைகளிடம் சம்மதம் பெறுவது பற்றிய வகுப்புகளும் சேரட்டும். புள்ளியியலுக்கும் பண்புசார் முறைகளுக்கும் சேர்த்து 2. ‘சோத்கங்கா’ களஞ்சியத்திலிருந்து தன் தலைப்பையொட்டிய பத்து ஆய்வேடுகளை முழுமையாகப் படித்து விமரிசனம் எழுத 2. முடிவுரையை மட்டும் படித்துவிட்டுத் ‘தொடர்புடைய ஆய்வுகள்’ இயலை நிரப்பும் பழக்கம் அதில் முறியும். வேற்றுத் துறை ஆய்வாளர்களுக்குக் கற்பித்தல் முறையில் உதவ 2. மீதி 4 கிரெடிட் களத்தங்கலுக்கு.

களத்தங்கல் என்பது ஒரு பருவம், வாரத்துக்கு இரண்டு முழு நாள், ஒரே பள்ளி, முடிந்தால் ஒரே வகுப்பு. காலை வழிபாட்டுக் கூட்டத்திலிருந்து மாலை மணி அடிக்கும்வரை. பாடம் எடுக்கக் கூடாது. வராத ஆசிரியருக்குப் பதிலாக வகுப்பைப் பார்த்துக்கொள்ளச் சொல்வார்கள். அன்போடு மறுக்க வேண்டும். வினாநிரல் கொண்டுபோகக் கூடாது. கையில் ஒரு குறிப்பேடு மட்டும். பிள்ளைகளின் பெயரை அதில் எழுதக் கூடாது. பருவ முடிவில் அந்தக் குறிப்பேட்டிலிருந்து மூன்று கேள்விகளை எழுதித் தர வேண்டும். ஒவ்வொன்றும் எந்த நாள், எந்தப் பாடவேளையில் தோன்றியது என்ற விவரத்தோடு. ஆய்வுக் குழு அந்த மூன்றில் ஒன்றை எடுத்து, அதிலிருந்து தலைப்பை உருவாக்கும். பதிவின்போது தலைப்புக் கேட்கும் வழக்கம் இதனால் தானே போய்விடும்.

எதிர்ப்புகள் எனக்குத் தெரியும். பள்ளிகள் அனுமதிக்குமா? ஆண்டுதோறும் பி.எட். மாணவர்களை அனுமதிக்கிறார்கள், மாவட்ட அலுவலகத்தோடு துறை ஒரே ஒப்பந்தம் போட்டுக்கொண்டால் ஒவ்வோர் ஆய்வாளரும் தனித்தனியாகக் கடிதத்தோடு அலைய வேண்டியதில்லை. நெறியாளருக்கு நேரம் இருக்குமா? ஒரு பேராசிரியர் எட்டுப் பேர் வரை, இணைப் பேராசிரியர் ஆறு பேர், உதவிப் பேராசிரியர் நான்கு பேர் என்பது வரம்பு. பருவத்தில் இரண்டு முறை போய் அந்தப் பெஞ்சில் ஆய்வாளரின் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டு வருவதற்கு நேரமில்லை என்றால் வரம்பைக் குறைத்துக்கொள்ள வேண்டியதுதான். பணியில் இருக்கும் ஆசிரியருக்கு? அவர் தன் பள்ளியிலேயே சக ஆசிரியரின் வகுப்பில் உட்காரட்டும். சக ஆசிரியர் இவர் வகுப்பில். கருதுகோள் இல்லாமல் ஆய்வு எப்படி என்று கேட்கும் பேராசிரியர்களிடம் மட்டும் எனக்குப் பதில் இல்லை. அவர்களோடு தேநீர் இடைவேளையில் பேசிக்கொள்கிறேன்.

துறைத் தலைவர் அவர்களுக்கு ஒரு வேண்டுகோள். வரும் பருவத்தில் சேரும் ஆய்வாளர்களில் ஒருவரை, விரும்பி முன்வரும் ஒரே ஒருவரை, இந்த முறையில் அனுப்பிப் பாருங்கள். வளாகத்தின் பின்வாசலுக்கு எதிரே இருக்கும் நடுநிலைப் பள்ளியே போதும். நேற்று மாலை அங்கே போய்த் தலைமையாசிரியரிடம் கேட்டேன். “யாரு வேணா வரட்டும் சார், வேடிக்கை பார்த்துட்டு உடனே போயிடக் கூடாது, அவ்வளவுதான்” என்றார். இந்தச் சொற்பொழிவுக்கு எனக்குத் தந்த மதிப்பூதிய உறையைப் பிரிக்காமல் அலுவலகத்தில் கொடுத்திருக்கிறேன். அந்த ஆய்வாளருக்கு ஒரு பருவத்துக்குப் பஸ் செலவுக்கும் இரண்டு குறிப்பேட்டுக்கும் அது வரும்.